கிளையில தொங்குற தேனீக் கூட்டத்த கொளுத்தாதீங்க, ஒரு போன் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல மாவட்டச் செய்திப் பக்கத்துல ஒரு போட்டோ பாத்தேன். ரோட்டோர மரத்துல வந்து இருந்த தேனீக் கூட்டத்த ராத்திரியில பந்தம் கட்டி அழிச்சாங்க, பொதுமக்கள் நிம்மதின்னு போட்டிருந்துது. அந்தப் போட்டோவ நான் ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். கிளையில தொங்குனது ஒரு முத்தின தேங்கா அளவு கூட்டம், மெழுகுல கட்டுன அடைன்னு ஒண்ணு இல்லவே இல்ல, மலைத்தேனீயும் கிடையாது, நாங்க பெட்டியில வச்சு வளக்குற அதே சின்னத் தேனீ. ஒரு நாள் விட்டிருந்தா அதுவே பறந்து போயிருக்கும், இல்லன்னா பக்கத்துல யாராவது பெட்டிக்காரங்களுக்கு சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல எடுத்துட்டுப் போயிருப்பாங்க. இந்த மாவட்டத்துல பெட்டிக்காரங்களுக்கா பஞ்சம்?

எனக்கு வீடு அருமனை பக்கம். வீட்டுக்குப் பொறத்த விளையில, அதாவது தோட்டத்துல, ஆறு பெட்டி வச்சிருக்கேன், தையலும் தேனும்தான் எங்க வீட்டு வருமானம். இந்த ஜனவரி முதல் வாரம் எனக்க வீட்டுப் பக்கத்துலயே இதே மாதிரி ஒண்ணு நடந்து போச்சு, அத எழுதாம இருக்க மனசு வரல.

அம்மாவுக்கு உடம்பு முடியாம ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம், அதனால மூணு வாரமா பெட்டி எதையும் தொறந்து பாக்கல. அது என் தப்புதான், பெட்டி வச்சிருக்கவ இந்த சீசன்ல எட்டு நாளுக்கு ஒருக்க தொறந்து பாக்கணும்னு எனக்கு நல்லா தெரியும். ரெண்டாவது பெட்டியில ஈ நெறஞ்சு போய் இடம் பத்தாம கூட்டம் பிரிஞ்சு வெளிய வந்திருக்கு. வந்தது நேரா பக்கத்து வீட்டு மாமாவுக்க புளிய மரத்துல, ஆள் உயரத்துல ஒரு கிளையில போய் இருந்திருக்கு. மாமாவுக்க பேரன் திண்ணையில விளையாடிட்டு இருந்தான், மாமா பாத்து பயந்து போய் ஓலைச்சூட்டு கட்டி மண்ணெண்ண ஊத்தி கொளுத்திட்டாரு. நான் மூணு மணி பஸ்ஸுல வந்து இறங்கும்போது எல்லாம் முடிஞ்சுது. பையனுக்கு கழுத்துலயும் காதுலயுமா மூணு கொட்டு, அழுதுட்டு இருந்தான்.

அது வரைக்கும் ஒருத்தரையும் கொட்டாத கூட்டம் ஐயா அது. தீ பட்டதும் கலைஞ்சு, ஒண்ணு ரெண்டு கொட்டி, அந்தக் கொடுக்குல இருந்து வர வாசன மத்ததையும் கொட்ட இழுத்து, அப்பிடித்தான் அந்தப் பையனுக்கு விழுந்தது.

மரத்துக்கு அடியில போய் பாத்தேன். மயிர் கருகுன மாதிரி ஒரு நாத்தம், கறுப்பா ஒரு குவியல், செறகு போன சில ஈ மட்டும் மண்ணுல வட்டம் போட்டு நடந்துட்டு இருந்துது. ஒரு ஈர்க்குச்சிய எடுத்து மெல்லக் கிளறுனேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு, ராணிக்கு முதுகுல நெயில் பாலிஷ்ல ஒரு சின்ன பொட்டு வைப்பேன், பெட்டி தொறக்கும்போது சீக்கிரம் கண்டுபிடிக்க. அந்தக் குவியலுக்குள்ள மத்ததவிட நீளமா ஒண்ணு கெடந்துது, கருகிப் போயும் அந்தச் செவப்புப் பொட்டு தெரிஞ்சுது. போன வருஷம் மே மாசம் மழைக்கு முன்ன நான் பிரிச்சு வச்ச பெட்டியில பொறந்த ராணி, எட்டு மாசம் முட்ட வச்சு, பெட்டிக்குள்ள அடை கட்டுற ஏழு மரச்சட்டத்தையும் நெறச்சு தந்தவ.

மாமா மேல எனக்குக் கோவம் வரல. அவரு சொன்னது இவ்வளவுதான், "பிள்ளே, கொச்சு திண்ணையில நிக்கான், நான் பின்ன என்ன செய்யதுக்கு?" அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. பக்கத்து வீட்டுலயே நாலு வருஷமா பெட்டி வச்சிருக்க நானும் சொல்லிக் கொடுக்கல, என் போன் நம்பர் கூட அவங்க வீட்டுல இல்ல. ஆகவே தெரிஞ்சத இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போனா மன்னிக்கணும்.

கூட்டம் பிரியுறதுங்கறது தேனீ குடும்பம் ரெண்டாகுறது. பழைய ராணி பாதி ஈயக் கூட்டிட்டு வீட்ட விட்டு வெளிய வரும், புது ராணிக்கு அந்த வீட்ட விட்டுக் கொடுத்துட்டு. வெளிய வரும்போது ஒவ்வொரு ஈயும் வயிறு முட்ட தேன் குடிச்சுட்டுத்தான் வரும், புது இடத்துல போய் மெழுகு சுரந்து அடை கட்டணும்ல. முதல்ல பக்கத்துல ஏதாவது கிளையில, மதில்ல, நிறுத்தி வச்ச பைக்குல கூட குலையாத் தொங்கும், அங்க இருந்து கொஞ்சம் வயசான ஈக்கள் நாலா பக்கமும் போய் மரப்பொந்து, சுவர்ப்பொந்துன்னு வீடு பாக்கும். பாத்துட்டு வந்து கூட்டத்து மேலயே ஆடும், எந்தத் திசை எவ்வளவு தூரம்னு அந்த ஆட்டத்துல சொல்லும். இந்தத் தேனீ ஆட்டத்துக்கு அர்த்தம் கண்டுபிடிச்ச கார்ல் வான் ஃப்ரிஷ்க்கு 1973ல நோபல் பரிசு கொடுத்தாங்க. எல்லாம் ஒரே இடத்துக்கு ஒத்துக்கிட்டா அப்பிடியே எழும்பிப் போயிரும். சில நேரம் ஒரு மணி நேரத்துல போகும், சில நேரம் ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். அந்த நேரத்துல அதுக்குக் காக்க அடையும் இல்ல புழுவும் இல்ல தேன் சேத்து வச்சதும் இல்ல, அதனால நீங்க சீண்டாத வரைக்கும் அது கொட்ட வராது. தேன் கிடைக்கும்னு நெனச்சு வெட்டி எடுக்கறவங்களும் உண்டு, அவங்களுக்கும் சொல்றேன், அதுல ஒரு சொட்டு கூட எடுக்க முடியாது.

ஆனா ஒண்ணு தெளிவாச் சொல்லணும். தண்ணித் தொட்டிக்கு அடியில, பாலத்துக்கு அடியில, பெரிய மரத்து உச்சியில முறம் மாதிரி ஒத்த அடை பெருசா தொங்குதுன்னா அது மலைத்தேனீ. அதுகிட்ட யாரும் போகக்கூடாது, நானும் போக மாட்டேன், கல்லெறியுற பசங்கள முதல்ல தடுக்கணும். அங்க தீயணைப்புக்காரங்க வந்து என்ன செய்யணுமோ அது அவங்க முடிவு. கடந்தல்ங்கற குளவிக் கூடும் வேற, அது பேப்பர்ல செஞ்ச மாதிரி சாம்பல் நெறத்துல இருக்கும், அதுவும் ஆபத்துதான். நான் பேசுறது அடையே இல்லாம ஈயா மட்டும் குலையாத் தொங்குற சின்னத் தேனீக் கூட்டத்தப் பத்தி. மூணையும் ஒண்ணாப் போட்டு "கொலைகாரத் தேனீ"ன்னு எழுதுனா சனங்க மூணுக்கும் பந்தம் கட்டத்தான் செய்வாங்க.

ஒருவேள கொட்டுனா தோல்ல நிக்குற கொடுக்கை நகத்தால சட்டுனு சுரண்டி விட்டுறணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஏன்னா கொடுக்கோட சேந்து வந்த விஷப்பை அதுக்கப்புறமும் விஷத்த இறக்கிட்டே இருக்கும். மூச்சு முட்டுதுன்னாலோ முகம் நாக்கு வீங்குதுன்னாலோ வீட்டு வைத்தியம் பாத்துட்டு இருக்காம உடனே 108 கூப்பிடுங்க.

இனி ரெண்டாவது கதைக்கு வாரேன். மாமா கூட்டத்தக் கொளுத்துன அன்னைக்கு சாயங்காலமே ரெண்டாவது பெட்டியத் தொறந்தேன். அடையோட கீழ் ஓரத்துல நிலக்கடல தொங்குற மாதிரி ஆறு ராணி அறை. நுனி மெழுக ஈக்கள் சுரண்டி எடுத்து உள்ள இருக்க காப்பி கலர் தெரிஞ்சா ராணி சீக்கிரமே வெளிய வரப் போகுதுன்னு அர்த்தம், அப்பிடி ரெண்டு இருந்துது. ஒண்ண மட்டும் விட்டுட்டு மத்தத வெட்டியிருக்கணும். ஒண்ணு கெட்டுப் போச்சுன்னா பெட்டி அனாதையாயிருமேன்னு பயந்து ரெண்டையும் விட்டேன். பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம், முதல் கூட்டம் போய் ஏழாம் நாளு, போன் அடிச்சுது. மாமாதான். எனக்க நம்பர அன்னைக்கு அவரு வீட்டுக் காலண்டர்ல எழுதி வச்சுட்டு வந்திருந்தேன்.

"பிள்ளே, ஓடி வா. ஒனக்க தேனீ எனக்க பிலா மரத்துல வந்து தொங்கிட்டுக் கெடக்கு. நான் ஒண்ணும் செய்யல கேட்டியா, கொச்ச உள்ள விட்டு கதவ அடச்சாச்சு."

போய் பாத்தா பன்னெண்டடி ஒயரத்துல ஒரு கிளை, அதுல ஒரு பெரிய கைதச்சக்க (அன்னாசி) அளவு கூட்டம். தையல் மெஷின்ல துணிய அப்பிடியே போட்டுட்டு ஓடினதால தலைக்கு வலைத்தொப்பி மட்டும்தான். ஏணி வச்சு ஏறினேன், மாமா கீழ ஏணியப் புடிச்சுகிட்டாரு. பனையோலைக் கடவம் (கூடை) ஒண்ணு, அதுக்கு உள்பக்கம் பழைய மெழுகு தேச்சு வச்சிருப்பேன். அத கவுத்துப் புடிச்சு கூட்டத்தோட தலையில தொடுற மாதிரி வச்சேன், தேனீக்கு இருட்டப் பாத்தா மேல ஏறுற குணம் உண்டு. கீழ இருந்து எனக்க பையன் கதம்பைப் புகைய, அதாவது தேங்கா மட்டப் புகைய, லேசா ஊதினான், லேசான்னா லேசு, கண்ணு எரியுற அளவுக்கு ஊதுனா எழும்பிப் போயிரும். முதல்ல பத்து இருபது ஈ ஏறிச்சு. அப்புறம் ஒரு கோடு மாதிரி. அப்புறம் கூட்டமே மெல்ல எளகி ஒழுகுறது மாதிரி, ஆனா மேல் நோக்கி ஒழுகுது, கடவத்துக்குள்ள போகுது. கை கடுக்க ஆரம்பிச்சுது, முக்கா கிலோ அரிசி தூக்கிட்டு கைய நீட்டி நிக்கிற பாரம். எறங்கலாமான்னு யோசிச்ச நேரத்துல சத்தம் மாறிச்சு. அதுவரைக்கும் இருந்த இரைச்சல் அடங்கி ஒரே சீரான ரீங்காரம். கடவத்து விளிம்புல நாப்பது அம்பது ஈ வரிசையா நின்னு பின்பக்கத்தத் தூக்கி செறகால விசிறுது, உள்ள வாங்க உள்ள வாங்கன்னு வெளிய நிக்கிறதக் கூப்பிடுற வாசனைய அது அப்பிடித்தான் பரத்தும். அதப் பாத்தா ராணி உள்ள போயாச்சுன்னு நாங்க தைரியமா இருப்போம்.

மாமா கீழ இருந்து கேட்டாரு, "ஒண்ணும் கொட்டலியா?" கொட்டல. ஒண்ணு கூட கொட்டல.

கடவத்த அந்தக் கிளையிலயே நிழலாக் கட்டி வச்சோம், வெளிய தேடிப் போன ஈ எல்லாம் வந்து சேரட்டும்னு. இருட்டுற நேரத்துல காலிப் பெட்டியில, வேற பெட்டியில இருந்து சின்னப் புழு உள்ள ஒரு சட்டத்த எடுத்து வச்சு, கடவத்த கவுத்து ஒரு தட்டு தட்டினேன். புழு இருக்க வீட்ட தேனீ லேசுல விட்டுப் போகாது. சர்க்கரையும் தண்ணியும் சமமாக் காச்சி ஆத்தி சிரட்டையில ஊத்தி, ஈ விழுந்து சாகாம ஈர்க்கு நாலு போட்டு உள்ள வச்சேன். வாசல்ல, ராணி மட்டும் வெளிய போக முடியாத ராணித் தடுப்பு ரெண்டு நாள் மட்டும்தான் வச்சேன், ஏன்னா இது கன்னி ராணி, வெளிய பறந்து ஆண் தேனீக்களோட சேந்துட்டு வந்தாத்தான் முட்ட வைக்கும். புதுசா வளக்கறவங்க பலபேரு ராணி ஓடிரும்னு தடுப்ப மாசக்கணக்குல எடுக்காம வச்சு பெட்டியக் கெடுத்துருக்காங்க, அதனால இத விட்டுறாம எழுதுறேன். நேத்து அந்தப் பெட்டியத் தொறந்தேன். வெயிலுக்கு எதிரா சட்டத்தச் சரிச்சுப் பாத்தா அறைக்கு அடியில வெள்ள நூல் துண்டு நட்டு வச்ச மாதிரி முட்ட, ஒரு அறைக்கு ஒண்ணு.

ஒரு கூட்டம் போனா என்ன, ஊர்ல தேனீக்கா குறைச்சல்னு சிலர் கேப்பாங்க. எங்க அப்பா இருபது பெட்டி வச்சிருந்தாரு. 1991-92ல புழுவெல்லாம் அறைக்குள்ளயே தண்ணிப் பை மாதிரி வீங்கிச் சாகுற ஒரு வைரஸ் நோவு வந்துது, தாய் சாக்புரூட் (Thai sacbrood)னு பேரு, கேரளத்துலயும் நம்ம பக்கத்துலயும் பெட்டி பெட்டியாக் காலியாச்சு. மார்த்தாண்டத்துல 1920கள்லயே ஒய்.எம்.சி.ஏ.ல, அங்க கிராம மையத்த நடத்துன ஸ்பென்சர் ஹாட்ச் துரை காலத்துல ஆரம்பிச்ச தொழிலு, கிராமத்துக்கு கிராமம் வீட்டுக்குப் பொறத்த பெட்டி இருந்த நாடு, வெறும் பெட்டிய அடுக்களையில பலகையாப் போட்டதப் பாத்திருக்கேன் நான். அப்பாவுக்கு மிஞ்சினது ஒரு பெட்டி கூட இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு அயனி மரப் பொந்துல இருந்து ஒரு கூட்டம் பிரிஞ்சு வந்து எங்க கிணத்தடியில இருந்துது. நோவத் தாங்கி காட்டுலயும் பொந்துலயும் தப்பிச்சது அது. அத கும்பிட்ட கையோட எடுத்து பெட்டியில வச்சாரு. இப்ப எனக்க ஆறு பெட்டியும் அந்தக் கிணத்தடிக் கூட்டத்தோட வழிதான். இன்னைக்கு மார்த்தாண்டம் தேனுக்கு புவிசார் குறியீடு வாங்கியிருக்கோம்னு பெருமைப்படுறோம், அந்தத் தேனத் தர ஈ இந்த மாதிரி எங்கயாவது ஒரு கிளையில வந்து தொங்குனதுதான்.

அதுவும் இது என்ன மாசம்னு பாக்கணும். ரப்பர் இலை கொட்டி தளிர் விடுற நேரம். நம்ம மாவட்டத்துத் தேன்ல பெரும்பங்கு ரப்பர் பூவுல இருந்து வரதில்ல, தளிர் இலைக்காம்பு மூணு இலையாப் பிரியுற அந்த மூட்டுல சுரக்குற தேன்ல இருந்துதான் வருது. அந்தச் சுரப்பு மூணு மாசத்துக்கு உள்ள, அப்ப பெட்டியில ஈ பலமா இருந்தாத்தான் தேன். கூட்டம் பெருகிப் பிரியுறதும் அத ஒட்டித்தான். இன்னைக்கு ஒரு கூட்டம் கொளுத்துனா ஒரு குடும்பத்துக்கு இந்த வருஷத் தேன் போச்சு.

எனக்கு கேக்க உள்ளது பெரிய காரியம் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுலயும் அந்த ஊர்ல தேன்பெட்டி வச்சிருக்கவங்க, கூட்டம் எடுக்கத் தெரிஞ்சவங்க நாலு பேருக்க போன் நம்பர எழுதிப் போடணும், சம்மதம் கேட்டுட்டு. தீயணைப்பு நிலையத்துக்கும் அந்த லிஸ்ட் குடுத்தா, 101க்கு போன் வரும்போது "அடை இருக்கா, ஈயா மட்டும் தொங்குதா"ன்னு ஒரு கேள்வி கேட்டு, அடை இல்லன்னா எங்ககிட்ட தள்ளி விடலாம். அவங்களுக்கும் அலைச்சல் மிச்சம். காசு வேண்டாம், கூட்டமே எங்களுக்கு கூலிதான்.

பெட்டி வச்சிருக்க நாமளும் ஒழுங்கா இருக்கணும். எட்டு நாளுக்கு ஒருக்க தொறந்து பாருங்க, ராணி அறை கண்டா பெட்டியப் பிரிச்சு வைங்க, இடம் நெருக்கமா இருந்தா மேல தேன் தட்டு வைங்க, ஒரு காலிப் பெட்டிய மெழுகு தேச்சு விளையில ரெடியா வைங்க, சிலநேரம் கூட்டம் தானா வந்து ஏறும். பக்கத்து வீட்டுக்குப் போய் இன்னதுன்னு சொல்லி நம்பரக் குடுங்க. நான் மூணு வாரம் பாக்காம விட்டதுக்கு பக்கத்து வீட்டுப் பையன் மூணு கொட்டு வாங்குனான், அந்த நெனப்பு எனக்கு இன்னும் இருக்கு.

ஆசிரியர் ஐயாகிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்து இந்த மாதிரி போட்டோ வந்தா அழிச்சாங்க நிம்மதின்னு போடுறதுக்கு முன்ன உள்ளூர் பெட்டிக்காரங்க ஒருத்தர்கிட்ட காட்டிக் கேளுங்க. இந்த லெட்டரையும் முடிஞ்சா இந்த வாரமே போடுங்க ஐயா. காலையில பாத்தேன், எங்க வீட்டுக்கு மேல்புறத்து ரப்பர்ல செம்புத் தளிர் வந்தாச்சு, எனக்க நாலாவது பெட்டி வாசல்லயும் ஈ தாடி மாதிரி தொங்குது, நாளைக்கு அத நான் பிரிச்சு வச்சுருவேன், ஆனா பாக்க ஆளில்லாத பெட்டியும் பொந்தும் எத்தனையோ இருக்கு.

இப்படிக்கு,
தேன்பெட்டி வளக்கும் ஒரு வாசகி,
அருமனை பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.